அப்பாவிடம் பேசாத மூன்று நாள்

எனக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது பசறையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த காலம். போனில் எதையோ தேடப்போய், ஐரோப்பிய இசைநாடகத்தின் ஒரு துண்டு வந்து விழுந்தது. ஆண் உடை, இடுப்பில் வாள், குட்டை முடி. பாடுவதோ ஒரு பெண். குரல் கீச்சென்று மேலே ஓடவில்லை. பால் சேர்க்காத கடும் தேநீர் மாதிரி அடர்த்தியாக, நிதானமாக வந்தது. கீழே, ‘மெஸ்ஸோ சொப்ரானோ’ என்று போட்டிருந்தது. பெண் குரல்களில் உச்சத்துக்கும் அடிக்கும் நடுவில் இருப்பதாம்.

இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு தரிப்பு போய்விட்டேன்.

ஏனென்றால் அது என் குரல். பள்ளிக்கூட நாடகத்தில் எனக்கு எப்போதும் ராஜா வேடம். கோயில் பஜனையில் பின்வரிசை. போனில் பேசினால், “தம்பி, அம்மா இருக்காங்களா?” என்பார்கள். என் குரலுக்கு ஒரு பெயர் உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது.

தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டுக்கு வந்து அப்பாவிடம் காட்டினேன். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வேலை முடிந்து வந்த அலுப்போடு போனைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

“இவ பொம்பளையா?”

“ஆமாப்பா. இந்தக் கொரலு உள்ளவங்களுக்கு எளந்தாரிப் பய வேசம் நெறையா இருக்காம்.”

இருமல் வரும்வரை சிரித்தார். “ஏ புள்ள, நான் காமன் கூத்துல ஏழு வருசம் ரதி வேசம் கட்டுனவன். காமன் எரிஞ்சிட்டான்னு நான் அழுதா மூணு லயமும் சேந்து அழுவும். அப்பன் சேல கட்டுனான், மக கால்சட்ட போடட்டுமே!”

“நல்ல குடும்பம்டா சாமி,” என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அப்பா என்னைக் கூப்பிடுவதே, “ஏ ஆம்பளப் புள்ள” என்றுதான்.

ஒரு கொப்பியில் என் வாழ்க்கையைத் திட்டம் போட்டேன். முதலில் மேடை நாடகம்: இளைஞர்கள், சூனியக்காரிகள், தாய்மார்கள் எல்லாம் எனக்கு. அடுத்தது பெரிய வாத்தியக் குழுவின் முன்னால் நின்று பாடுவது. கடைசியில் ஒரு பியானோ மட்டும் போதும், தனிப்பாட்டு. பண்டாரவளையில் பியானோ வைத்திருந்த ஒரு டீச்சர் ஞாயிறுதோறும் அரை மணி நேரம் சொல்லித் தந்தார். மீதியை வீடியோ பார்த்துப் படித்தேன். இரண்டு வருடம் அப்படிப் போனது.

கொழும்பில் ஒரு இசைநாடகத்துக்குக் குரல் தேர்வு என்று டீச்சர் சொன்னார். போருக்குப் புறப்படும் இளைஞன் வீட்டாரிடம் விடைபெறும் பாட்டை நான் தயார் செய்தேன். அதே வாரம் அப்பாவுக்கு நெஞ்சு அடைத்து, பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு வாரத்தில் வீட்டுக்கு வரலாம் என்றார்கள். நம்பினோம்.

ஏதோ ஒரு வீடியோவில் ஒரு பாடகி, கச்சேரிக்கு முன் மூன்று நாள் பேசவே மாட்டேன் என்று சொல்லியிருந்தார். எதைப் பார்த்தாலும் உடனே செய்துவிடுகிற ஆள் நான். ‘மூணு நாள் பேச மாட்டேன்’ என்று தாளில் எழுதி அம்மாவிடமும் தங்கச்சியிடமும் காட்டினேன்.

லயத்தில் இரகசியம் தங்காது. குடும்பத்துக்கு ஒரு அறை, ஒரு காம்பரா; அதற்கும் அடுத்ததற்கும் நடுவே சுவர் கூரைவரை எட்டாது. பக்கத்துக் காம்பரா அத்தை அன்று காலையிலேயே கேட்டுவிட்டார்.

“என்னா, புள்ளையோட சத்தத்தையே காணோம்?”

தொண்டைக்கு ஓய்வு என்பதை எப்படி விளக்குவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. “அவுங்க அப்பா சொகமாவணும்னு மௌன விரதம்,” என்று சொல்லிவிட்டாள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போன எல்லாருக்கும் அது தெரிந்துவிட்டது. அத்தை விபூதி கொண்டுவந்து என் நெற்றியில் பூசினார்.

இரண்டாம் நாள் பின்னேரம் அப்பா பக்கத்துக் கட்டில்காரரின் போனிலிருந்து கூப்பிட்டார். விசாரிக்க வந்த பெண்கள் ஐந்தாறு பேர் காம்பராவில் இருந்தார்கள். தங்கச்சி சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

“எங்க என் ஆம்பளப் புள்ள? ரெண்டு வார்த்த பேசச் சொல்லு.”

போனை வாங்கினேன். வாயைத் திறந்தேன்.

“ஐயோ புள்ள, வேணாம்!” அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்பாவுக்குத்தான் ஆகாது!”

அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும்: அந்தத் தடை எனக்குப் பாதி நிம்மதியாக இருந்தது. குரல் மிச்சமாயிற்று. நகத்தால் போனை இரண்டு தடவை தட்டினேன்.

அப்பாவுக்குப் புரிந்தது. “சரி, சரி. கொரல பத்திரமா வச்சிக்க. வந்து பாடிக் காட்டு.”

மறுநாள் காலை, ஆஸ்பத்திரியில் பார்க்க விடும் நேரத்துக்கு முன்பே, பதுளையில் கொழும்பு ரயில் ஏறினேன். அப்புத்தளையில் வண்டி நின்றபோது வெளியே ஒரே பனிமூட்டம். போன் அடித்தது. தங்கச்சி.

“அக்கா… அப்பா…”

“எப்ப?”

மூன்று நாள் சேர்த்து வைத்த குரலில் வந்த முதல் வார்த்தை அது. பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ரயில் கொழும்புக்குப் போனது.

சாவு வீட்டில் தப்படிக்கும் சத்தத்துக்கு நடுவே அத்தை என் காதருகே குனிந்து, “வழியில எங்கயாச்சும் வாயத் தொறந்துட்டியா புள்ள?” என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை, அழுதுகொண்டே கேட்டார். ஆனால் மறுநாள் லயம் முழுக்க, விரதம் பாதியில் கலைந்துவிட்டதாம் என்ற பேச்சு.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். எட்டாம் நாள் அடுப்படியில் அம்மா கேட்டாள்: “நெசமாவே நீ பேசல தானே?”

“அம்மா, அது விரதமே இல்ல. நீ சொன்ன பொய்யி.”

“பொய்யின்னாலும் சாமி பேருல சொல்லிட்டேனே,” என்றாள். அப்போதிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை.

டீச்சருக்குப் போன் செய்து கேட்டேன். மெதுவாக இரண்டு வார்த்தை பேசியிருந்தால் தொண்டைக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்றார். கேட்காமலே இருந்திருக்கலாம்.

வரும் ஞாயிறு முப்பதாம் நாள். மூன்று லயமும் வரும். படையல் முடிந்ததும் எழுந்து நின்று, அது விரதம் இல்லை, ஒரு பாட்டுக்காக நான்தான் அப்பாவிடம் பேசவில்லை என்று அத்தை முன்னால், எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறேன். அதற்கு அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த விடைபெறும் பாட்டு. சிரித்தாலும் சரி. நேற்று தேயிலை மலையில் தனியாக நின்று பாடிப் பார்த்தேன். மூன்றாவது வரியில் குரல் உடைந்தது. இன்றைக்கு மறுபடி போகிறேன். மூச்சை ஒரு வரி முன்னாலேயே எடுத்துப் பார்க்க வேண்டும்.