தாமுவின் பெயர் இன்னும் வரவில்லை

முந்தின நாள் மாலை தாமு அனுப்பியிருந்த குரல்பதிவை ஞாயிறு காலையில்தான் கேட்கத் தொடங்கினேன். வரும் வரும் என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெரிய கேம் மறுபடியும் தள்ளிப்போய்விட்டதாம். "இவனுங்க தேதி சொல்றதும் நம்ம ஊர்ல பாலம் தொறக்கறதும் ஒண்ணுதான்," என்று ஆரம்பித்திருந்தான். சிரித்துக்கொண்டே தோசையைத் திருப்பிப் போட்டேன். பாதியில் நம் குழுவிலிருக்கும் திருப்பத்தூர் சரவணனின் அழைப்பு வந்தது. "கலா, நம்ம தாமு இல்ல. நேத்து கம்பெனி பஸ்ஸ விட்டு எறங்கினவன் ஸ்டாப்லயே சாஞ்சிட்டான். ஹார்ட்டாம்." தோசை கருகியது. மீதிப் பதிவை நான் இன்னும் கேட்கவில்லை.

நம் கேம் குழுவில் பாதிப் பேருக்கு அவனைக் குரலாக மட்டுமே தெரியும். அவர்களுக்காகச் சொல்கிறேன். தாமோதரன் ஆலங்காயத்துக்காரன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கடைசி செக்கிங்கில் இருந்தான். பெட்டிக்குள் போகும் முன் ஒவ்வொரு ஜோடியையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிற வேலை. அதே கம்பெனி ஆபீசில், ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுகிறவள் நான். குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகியதால், அவனோடு சண்டை போட எனக்குத் தொண்டை இருந்தது.

சண்டைக்கு அவன் குறை வைத்ததே இல்லை. வெளிவராத ஒரு கேமுக்கு முன்பணம் கட்டிவிட்டேன் என்று சொன்ன அன்று, கேன்டீனில் எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டான். "கறந்து பாக்காம மாடு வாங்குவாங்களா கலா?" அந்த கேம் ஓட்டை உடைசலாகத்தான் வந்து சேர்ந்தது, போகப் போக அப்டேட்டில் சரிசெய்வோம் என்றார்கள். தாமு பொங்கிவிட்டான். "நாம ஒத்தக்கால் ஷூவ அனுப்பிட்டு, இன்னொரு காலு அப்டேட்ல வரும்னு மெயில் போடு பாக்கலாம். பையர் சும்மா விடுவானா?"

அதற்காக அவன் சொன்னதெல்லாம் சரி என்று எழுதினால் அவனே எழுந்து வந்து திட்டுவான். பத்து நிமிடம் ஆடிவிட்டு, "பேஜார் புடிச்ச கேம்" என்று திங்கட்கிழமை தீர்ப்புச் சொல்வான், அந்த வார முடிவில், "அந்தக் குகைக் கதவ எப்படித்தான் தொறக்கறது?" என்று ரகசியமாகக் கேட்பான். போனில் ஆடுகிறவர்களை மதிக்கவே மாட்டான். அதில் நானும் அடக்கம்.

சாவு வீட்டில் கேட்டதை எழுதாமல் இருக்க முடியவில்லை. "எந்நேரமும் கேமு கேமுன்னு கெடந்தான். அதான் நெஞ்சு நின்னுடுச்சி," என்றார் அவனுடைய பெரியப்பா. பந்தலில் இருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷிப்மென்ட் அவசரம் என்று அந்த வாரம் முழுக்க இரண்டு ஷிப்ட் நின்றுகொண்டே வேலை பார்த்தவன் அவன். கேம் ஆடியது ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மட்டும். சொல்ல வாயெடுத்தேன், அழுகைச் சத்தத்தில் எடுபடவில்லை. அவன் அம்மாதான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெசமாம்மா? அந்த கேம்தான் எம் புள்ளய கொன்னுச்சா? அதுல அப்படி இன்னாதான் பண்ணிக்கினு இருந்தான்?" என்று கேட்டார்.

"காட்டறேம்மா. அதுல உங்க புள்ள பேரே வரப்போவுது," என்றேன். அதை நம்பித்தான் சொன்னேன்.

பெயர் வரவேண்டிய கதை இது. மலைமேல் டீக்கடை நடத்தும் ஒரு பெண்ணைப் பற்றிய சின்ன கேம். செய்தவர்கள் வெளிநாட்டில் ஒரு சின்ன கம்பெனி. கேமில் வரும் எழுத்தையெல்லாம் விருப்பமுள்ளவர்கள் தங்கள் மொழியில் பெயர்த்து எழுதித் தரலாம் என்று அறிவித்தார்கள். சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து நானும் அவனும் தமிழில் எழுதினோம். பட்டன்கள், குறிப்புகள் எல்லாம் நான். ஆட்கள் பேசுவதெல்லாம் அவன். திரையில் தமிழ் உடைந்து தெரிந்தது, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாக. படமெடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தான். தமிழில் ஆடப்போகிறவர்கள் குறைவு, மெதுவாகப் பார்க்கலாம் என்று பதில் வந்தது. "கம்மி பேர் போடற ஷூன்னா ஆணி நீட்டிக்கினு இருக்கலாமா?" என்று என்னிடம் பாய்ந்தான், நான்தான் அந்தக் கம்பெனிக்கு முதலாளி என்பதுபோல. கடைசியில் சரிசெய்தார்கள்.

எந்த கேம் முடிந்தாலும் இறுதியில் ஓடும் பெயர்களை அவன் தள்ளிவிட மாட்டான். "ஒரு ஷூ எத்தினி கை மாறி வருது. எவன் பேராவது அதுல இருக்குதா? இங்க போடறான். குந்தி பாரு." வேலையைவிட்டு அனுப்பப்பட்டவர்களின் பெயர்களைச் சில கம்பெனிகள் அங்கிருந்து எடுத்துவிடுகின்றன என்று செய்தி வந்தபோது அவன் திட்டிப் போட்ட குரல்பதிவை, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று உங்களில் பலர் பாதியில் நிறுத்தியிருப்பீர்கள். அப்படிப்பட்டவனுக்கு, தமிழோடு வந்த அப்டேட்டில் கிடைத்தது ஒரு வரி: ‘தமிழ்: ஆர்வலர்கள்’. பெயரைப் போடுங்கள் என்று எழுதிக் கேட்டான். அடுத்த முறை சேர்க்கிறோம், அவரவர் கணக்கிலிருந்து ஒப்புதல் கொடுங்கள் என்றார்கள். நான் அன்றே கொடுத்தேன். அவனுக்கு ஷிப்மென்ட் வாரம். "ஞாயித்துக்கெழம பண்றேன்," என்றான்.

அந்த ஞாயிறு வந்தது, அவன் இல்லை. நடந்ததை அந்தக் கம்பெனிக்கு எழுதினேன். ஆழ்ந்த இரங்கல் தெரிவித்தார்கள். உரியவரின் ஒப்புதல் இல்லாமல் பெயரை வெளியிட விதியில் இடமில்லை என்றும் தெரிவித்தார்கள். பெயரைப் போடு என்று அவனே எழுதிய மெயிலை அனுப்பிவைத்தேன். அது கோரிக்கை, ஒப்புதல் ஆகாது என்று பதில். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பிறகு அப்டேட்டும் வந்துவிட்டது. அதில் என் பெயர் இருந்தது. என் பெயர் மட்டும் இருந்தது.

காரியம் முடிந்தபின் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஆலங்காயம் போனேன். காட்டுவதற்குப் பெயர் இல்லாததால் கேமையே திறந்து வைத்தேன். கடைக்கு வந்தவன் பாதி டீயோடு எழுந்து போகப் பார்க்கிறான். டீக்கடைப் பெண் அவனிடம் சொல்வது எழுத்தாக வந்தது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "குந்துடா. ரெண்டு வாய் துன்னுட்டுப் போ. இந்த பஸ்ஸு போனா அடுத்த பஸ்ஸு."

இன்னொரு முறை படித்தார். "இது நான் சொல்றதாச்சே," என்றார். "தெனம் காலைல சொல்லுவேன். ஒரு நாளும் குந்தல."

நான் அடுத்த வரிக்குத் தட்டினேன். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இந்தப் பொம்பள பேசறது பூரா அவன் எழுதினதாம்மா?" என்று கேட்டார்.

"பூரா அவன்தாம்மா."

"அப்ப அவன் பேரு எங்க?"

இந்தக் கேள்வியைத்தான் அந்தக் கம்பெனியிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நம் குழுவில் அவனுக்குப் பூப்படமும் மெழுகுவர்த்திப் படமும் போட்டீர்கள். அவன் இருந்திருந்தால் அதையும் கிண்டல் செய்திருப்பான். என்னிடம் அவன் விட்டுப்போனது கோபமும், மெயில் எழுதும் ஒரு முறையும்தான். பையருக்கு நான் எழுதும் மெயில்களை எட்டிப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னான்: "எல்லாத்தையும் நன்றின்னு முடிக்காத கலா. எப்போன்னு கேட்டு முடி. அப்பதான் பதில் வரும்."

இன்று காலையும் அந்தக் கம்பெனிக்கு எழுதினேன். நன்றி சொல்லவில்லை. எப்போது என்று கேட்டிருக்கிறேன்.