செங்கல் வைக்காத பஞ்சாரம்

2004 நவம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு இருபது. தூறல் நின்றிருந்தது, காற்று நிற்கவில்லை. முப்பது வயதிலேயே கிழவனைப் போல எதையும் எண்ணி எண்ணிக் கவலைப்படுகிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். அந்த வழக்கம் முற்றியது எப்போது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நேரத்தைக் குறித்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்து, சாத்தூர்ப் பக்கத்திலிருந்து மத்திகிரிக்குக் குடிவந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒரே வரிசையில் ஆறு வாடகை வீடுகள், எல்லோருக்கும் ஒரே குழாய். முதல் வீடு எங்களுடையது. அம்மாவுக்கு ஊர் ஒட்டவில்லை. குழாயடியில் பாதிப் பேச்சு தெலுங்கிலும் கன்னடத்திலும் நடந்தது. மிச்சமிருந்த தமிழும் அவளுடைய தமிழாக இல்லை. குடம் நிரம்பியதும் பேசாமல் வந்துவிடுவாள்.

"பொங்கல் வரைக்கும் பாரு. அப்பவும் பிடிக்கலைன்னா மூட்டையக் கட்டிருவோம்" என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். எனக்கோ புதுப் பள்ளிக்கூடம் பிடித்திருந்தது. பொங்கலுக்கு எத்தனை நாள் பாக்கி என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வந்தேன். அன்று அறுபத்தொன்று.

அம்மாவுக்கு ஒரே துணை ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டைக்கோழி. அது பதினோரு குஞ்சு பொரித்ததும், மூடிவைக்கப் பஞ்சாரம் வேண்டுமென்றாள். எங்கள் பக்கத்தில் பஞ்சாரம் தெரியாதவர் கிடையாது. மூங்கில் சிம்புகளால் பின்னி, அடிப்பாகமே இல்லாமல், தரையில் கவிழ்த்து வைக்கிற பெரிய கூடை அது. பகலில் ஒரு பக்கத்தைக் கல்மேல் தூக்கி வைத்தால், தாய் உள்ளே இருக்கும், குஞ்சுகள் வெளியே வந்து மேயும். பயந்தால் ஒரே ஓட்டத்தில் தாயிடம் போய்விடும். இருட்டியதும் கல்லை எடுத்து இறக்கிவிடுவோம். ஓசூர்ச் சந்தையில் அந்தப் பேரைச் சொன்னதும் கடைக்காரர் கிளிக்கூண்டை எடுத்து நீட்டினார். அவர் மொழியில் அதற்கு அதுதான் பொருளாம். அம்மா அங்கேயே அழுதுவிட்டாள். ஒரு கூண்டைப் பார்த்து அழ என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன்.

அப்பா கம்பெனியில் கேட்டு, பெட்டிகளைக் கட்டிவருகிற மஞ்சள் பிளாஸ்டிக் பட்டைகளைக் கொண்டுவந்தார். இரண்டு ஞாயிறு உட்கார்ந்து ஒரு பஞ்சாரம் பின்னினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கனம்தான் இல்லை. அதனால் உச்சியில் எப்போதும் ஒரு செங்கல் இருக்க வேண்டும். செங்கலுக்குப் பொறுப்பு நான்.

"செங்கல வச்சியாய்யா?" என்று அந்த ஞாயிறு மாலை அம்மா உள்ளிருந்து கேட்டபோது, "வச்சிட்டேன்மா" என்றேன். செங்கல் தெருவில் எங்களுக்கு ஸ்டம்பாக நின்றுகொண்டிருந்தது.

காற்று பஞ்சாரத்தைப் புரட்டி உருட்டிக்கொண்டு போனது. குஞ்சுகள் ஆறு வாசலுக்கும் சிதறின. மேலே ஒரு பருந்து வட்டமிட்டது. அம்மா வெளியே ஓடிவந்தாள். பிறகு ஐந்து மாதமாகத் தட்டாத கதவுகளை வரிசையாகத் தட்டினாள்.

மூன்றாம் வீட்டுத் தெலுங்கு அத்தை முந்தானையில் இரண்டு குஞ்சோடு வந்தார். "அக்கா, உங்க கம்பா எங்க வாசல்ல குடி வந்திருச்சு. அட்வான்ஸ் யாரு தருவீங்க?" அவருக்குப் பஞ்சாரம் என்றால் கம்பா. அஞ்செட்டியிலிருந்து வந்த ஆறாம் வீட்டுப் பெரியம்மாவுக்கு அது வெறும் கோழிக்கூடை. "பிளாஸ்டிக்ல கூடை பின்னுன மகராசன் யாரு? காத்தாடி வுடறதுக்கா பின்னுனாரு?" என்றார். அப்பா நல்லவேளையாக ஷிப்டில் இருந்தார்.

எண்ணினேன். பத்து. மூன்று முறை எண்ணியும் பத்துதான்.

"ஒண்ணு கொறையுதும்மா. இனி ஊருக்குப் போயிருவோமா?" என்று அழுதேன்.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியம்மா தன் வீட்டுப் பின்பக்கம் போய், கையில் ஒரு குஞ்சோடு திரும்பினார்.

"இந்தா கண்ணு, விறகுக்குள்ள பூந்துகிச்சு. இப்ப எத்தினி?"

"பதினொண்ணு. ஆனா நம்மது எல்லாம் பழுப்பு. இது கறுப்பால்ல இருக்கு?"

"மழையில நனைஞ்சிருக்குடா. காஞ்சா சரியாப் போகும்" என்றார் தெலுங்கு அத்தை.

அம்மா சிரித்தாள். மத்திகிரியில் அவள் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. காயட்டும் காயட்டும் என்று நான்கு நாள் காத்திருந்தேன். அது கறுப்புச் சேவலாகவே வளர்ந்தது.

பிறகு குழாயடியில், "கம்பாவக் கவுத்துட்டு வாரேன்" என்று அம்மா குரல் கேட்கும். "பஞ்சாரத்து மேல செங்கல் வெச்சாச்சா?" என்று மூன்றாம் வீட்டிலிருந்து பதில் வரும்.

ஜனவரியில் அப்பா பேருந்து டிக்கெட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். எண்ணிப் பார்த்தேன். இரண்டு மடங்கு இருந்தன. "வர்றதுக்கு அங்க போயி வாங்கிக்கிட்டா ஆகாதா?" என்று கேட்டேன்.

"கூட்டத்துல கெடைக்காமப் போயிருச்சுன்னா? நாந்தான் இப்பவே வாங்கச் சொன்னேன்" என்றாள் அம்மா. அப்பா எதற்கோ முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலுக்குப் போனார். ஏழு மாதமாக அவர் காத்திருந்தது அந்த ஒரு வரிக்குத்தான் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. கணக்கு மட்டும் விளங்கியது: மதுரை வரை போக, வர, இரண்டு முழு டிக்கெட், ஒரு அரை டிக்கெட். எழுநூறு ரூபாய்.