சாமி படத்துக் கம்பி

நைனாவைத் திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து நகரி வீட்டுக்குக் கொண்டுவந்தது அவருடைய சொந்தப் பிக்கப் வண்டியில்தான். திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போய், நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்ட வருஷம் அது. மிலிட்டரியில் கழித்துவிட்ட வண்டியை வாங்கி, நகரித் தறிகளுக்கு நூல் ஏற்றிக்கொண்டிருந்தார். அதன் கம்பி வேலை முழுக்க அவர் கையால் செய்தது. விளக்கு, ஹாரன், எஞ்சினுக்குப் போகும் கம்பி, முன்னால் மாட்டியிருந்த பெருமாள் படத்துக் குட்டி பல்பு, எல்லாவற்றையும் ஒரே ஃபியூஸில் கட்டியிருந்தார். ஒன்று போனால் எல்லாமே போய்விடுமே என்றால், "போவாதுடா, நான் கட்டினது" என்பார். பிடிவாதக்காரர். அது எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சித்திரை வெயில். முந்தின ராத்திரியே உயிர் போயிருந்ததால், வந்து சேர்ந்ததும் எடுத்துவிட வேண்டும் என்று ஊரிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மாவுக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்துவிட்டால், அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்தாலும் எதிரே இருப்பவர் முகம் தெரியாது. நைனா ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அவள் அவரைப் பார்க்கவே இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே அவரை அவள் முன்னால் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். என் மனதில் அது ஒன்றுதான் இருந்தது.

கிளம்பும்போது அம்மாவின் தம்பி, என் மாமா, பெருமாள் படத்தை வெடுக்கென்று பிடுங்கினார். "பொணம் ஏர்ற வண்டியில சாமி இருக்கக் கூடாது" என்று ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் அதைக் கொடுத்துவிட்டு வந்தார். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான்.

நான்தான் ஓட்டினேன். ரேணிகுண்டா தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டதும் எஞ்சின் நின்றது. ஃபியூஸ் போயிருந்தது. நைனாவின் பல்பொடி டப்பாவில் மாற்று ஃபியூஸ்கள் இருந்தன. ஒன்றைப் போட்டதும் ஓடியது. அடுத்த பள்ளத்தில் அதுவும் போனது. ஹாரனில்தான் கோளாறோ என்று அதன் கம்பியைக் கழற்றிவிட்டு இன்னொன்று போட்டேன். புத்தூருக்கு முன்னால் அதுவும் போனது. டப்பாவில் கடைசியாக ஒன்றுதான் மிச்சம். வெயில் மஞ்சளாகிவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பின்னால் படுத்திருந்த மனுஷனை, ஒரே ஃபியூஸில் எல்லாவற்றையும் கட்டியதற்காக மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

மாமா சிகரெட் பெட்டியிலிருந்து வெள்ளித்தாளை உருவினார். "இத்த சுத்திப் போடுடா. எப்படியாவது ஊரு போய்ச் சேரலாம்."

"கம்பி பத்திக்கினா? அவர வண்டியோடவே கொளுத்திடலாம்னு பாக்கறீங்களா?"

மாமாவின் முகம் சுண்டிப்போனது. பெட்டியைத் திரும்பப் பைக்குள் வைக்கப் போனபோது பையிலிருந்த வேறொன்று கீழே விழுந்தது. ஒரு குட்டி பல்பு.

"இது இன்னா மாமா?"

"சாமி படத்துல இருந்தது. இழுத்தப்ப கூடவே பிச்சிக்கினு வந்துடுச்சி."

பல்பு இங்கே இருந்தால் அதற்குப் போன கம்பியின் அறுந்த முனை எங்கே? சந்தேகத்தை நம்பிக் கடைசி ஃபியூஸை வீணாக்க எனக்கு மனமில்லை. வேறெதுவும் கரண்ட் இழுக்காதபடி எஞ்சின் கம்பியைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் அந்தப் பல்பை வைத்துப் பிடித்தேன். அறுந்த முனை வண்டியின் இரும்பில் பட்டுத்தான் ஃபியூஸ் போகிறதென்றால், படும்போது பல்பு எரியும். சாவியைத் திருப்பினேன். எரியவில்லை.

"மாமா, வண்டிய ஆட்டுங்க."

"உள்ள அவரு..."

"ஆட்டுங்க மாமா."

அவர் பின்னால் போய், உள்ளே பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு கையாலும் ஆட்டினார். பல்பு பளிச்சென்று எரிந்து அணைந்தது. படம் இருந்த இடத்துக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். பிய்ந்த கம்பி தகரத்தைத் தொட்டுத் தொட்டுக் கரி பிடித்திருந்தது. வேட்டி ஓரத்தைக் கிழித்து அதன் முனையில் சுற்றிக் கட்டினேன். கழற்றிய கம்பிகளை மாட்டி, கடைசி ஃபியூஸைப் போட்டேன். நைனா கட்டியதில் குற்றமில்லை. அவரிடம் சொல்லத்தான் வழியில்லை.

வீடு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது.

வாசல் பெஞ்சில் அவரைக் கிடத்தினார்கள். அரிக்கேனை முகத்தருகே பிடித்தார்கள். அம்மா குனிந்து குனிந்து பார்த்தாள். பிறகு கையால் அவர் முகத்தைத் தடவினாள். "ஒண்ணுமே தெரியலடா எனக்கு" என்றாள். அதுவரை வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.

நேரமாகிறது என்றார்கள் பெரியவர்கள். நான் வண்டியில் ஏறி, பெஞ்சைப் பார்க்கத் திருப்பி நிறுத்தி, முன்விளக்குகளைப் போட்டேன். செத்தவர் முகத்தில் விளக்கடிக்கிறானே என்று யாரோ முணுமுணுத்தார்கள். எஞ்சினை நிறுத்தப் பயந்து ஓடவிட்டிருந்தேன். இந்த ஒரு ஃபியூஸ் மட்டும் தாங்கிவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

தாங்கியது. அம்மா அவரை நன்றாகப் பார்த்தாள். மீசையை விரலால் ஒதுக்கிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, என் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டினாள்.

"போதும்டா, அணைச்சிடு. அவருக்குக் கண்ணு கூசும்."