முள் சப்பாத்து

ஜொகூர் பாரு அரங்கின் சிமெண்டுத் தரையில் அக்கா மகள் காலில் ஓட்டச் சப்பாத்தோடு நடந்தாள். அதன் முட்கள் உரசிய சத்தத்தில் எனக்குக் குளுவாங் திடல் நினைவுக்கு வந்தது.

அன்று பள்ளி ஓட்டத்துக்கு முள் சப்பாத்து வேண்டுமென்றாள் அக்கா. அப்பா தன் பழைய கால்பந்து பூட்ஸைத் துடைத்துக் கொடுத்தார். "இதப் போட்டுத்தான் பெக்கோக் டீம அழ வெச்சேன். நீயும் வெய்யி லா."

அடியில் தடித்த குமிழ்களோடு கனத்த அந்த பூட்ஸில் அக்கா கடைசியாக வந்தாள். பிறகு யாரும் அவளை ஓடக் கூப்பிடவில்லை.

"பூட்ஸ் எப்படிம்மா?" என்று அன்று சாயங்காலம் அப்பா அவளைக் கேட்டார்.

"நல்லா பிடிச்சுச்சுப்பா."

இன்று ஓட்டம் முடிந்து பேத்தி கழற்றிய சப்பாத்தை அப்பா திருப்பிப் பார்த்தார். ஊசி முட்களை விரலால் தடவினார்.

"இதுவா முள் சப்பாத்து? அப்ப உனக்கு நான் குடுத்தது?"

"அது நல்லா பிடிச்சுச்சுப்பா," என்றாள் அக்கா மறுபடியும்.