வாசலில் வைத்துவிட்டுப் போ

அவளுக்கு அத்தை என்று பெயர் வைத்தது எங்கள் சலவைக்கூடம்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு அண்ணன் பிள்ளைகளோடு பேசினாள். அந்தப் பக்கம் இரண்டு குரல்கள் மாறி மாறி "அத்தை, அத்தை" என்று கத்தின. அன்றிலிருந்து மேற்பார்வையாளர் முதல் அழுக்குத் துணி வண்டி தள்ளுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் அத்தை. தமிழ் தெரியாதவர்கள் அதுதான் அவள் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். என்னைவிட நாலு வயது மூத்தவள். அப்போது முப்பத்தெட்டு.

எங்களுடையது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம். வெந்து வரும் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட வேண்டும். அவள் ஒரு முனை, நான் மறு முனை. ஒருத்தி சற்றே மெத்தனமாகப் பிடித்தாலும் விரிப்பு கோணிப் போகும். மூன்று வருடம் அப்படி எதிரும் புதிருமாக நின்று வேலை பார்த்தால் ஒருத்தியின் கதை இன்னொருத்திக்குத் தெரியாமல் போகாது. அவள் புருஷன் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டு போனபின் ஒன்றரை வருடம் வீட்டை விட்டு வெளியே வராமல் கிடந்திருக்கிறாள். அண்ணன்தான் விசா ஏற்பாடு செய்து இந்த நாட்டுக்கு வரவழைத்தார். "என்னைத் தூக்கி நிறுத்தினது எங்கண்ணன்" என்பாள். வேறு எந்தப் பேச்சிலும் அவள் குரல் அப்படி இறங்காது.

அண்ணன் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் மேற்பார்வை. அண்ணி, ஒரு பெண், ஒரு பையன். எங்கள் விடுதியிலிருந்து அவர்கள் வீடு இருபத்தைந்து நிமிட நடை. வெள்ளிக்கிழமைகளில் அத்தை அங்கே போய், சமைத்து, துணி மடித்து, பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்புவாள். எங்களுக்கு அது விடுமுறை நாள். அவளுக்கும் அதுதான் விடுமுறை.

பிறகு ஊரடங்கு வந்தது. பஸ் நின்றது. வாரத்துக்கு இரண்டு முறை, வீட்டுக்கு ஒருவர், போனில் அனுமதி வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் வெளியே போகலாம் என்றார்கள். ஆஸ்பத்திரி ஆட்களுக்கு மட்டும் தனி அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் தெருவில் நடக்கலாம். கடை வரிசையிலும் முன்னால் விடுவார்கள்.

முதல் நாளே அண்ணி போன் செய்தாள். "உங்க அண்ணனுக்குத்தான் பிரஷர் இருக்கே, அவர வெளிய அனுப்ப பயமா இருக்கு. நீ வரும்போது ரெண்டு சாமான் மட்டும் வாங்கிட்டு வந்துடு."

ரெண்டு சாமான் என்பது இருபத்திரண்டாகப் பத்து நாள்கூட ஆகவில்லை. அரிசி, மாவு, பருப்பு, எண்ணெய், பால் பவுடர், அண்ணனுக்கு மாத்திரை, பையனுக்கு ஆன்லைன் பாடத்துக்குப் பிரிண்ட் அவுட், பெண்ணுக்கு ஹெட்போன், கேஸ் சிலிண்டருக்குச் சீட்டு. காலை ஆறு மணி ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்குக் குளித்துவிட்டு அத்தை கிளம்புவாள். கடைக்கு வெளியே தரையில் வெள்ளை வட்டங்கள். ஒரு வட்டத்துக்கு ஒரு ஆள். நெற்றியில் சூடு பார்த்து, கையில் பிளாஸ்டிக் உறை கொடுத்து உள்ளே விட்டார்கள். தட்டுப்பாட்டுச் சாமான்களுக்கு அட்டைக்கு ஒன்று என்று கணக்கு. எண்ணெய் ஒரு பாட்டில். சர்க்கரை ஒரு பாக்கெட். அதற்கு மேல் எடுத்தால் பில் போடுகிறவர் எடுத்துத் தனியே வைத்துவிடுவார்.

பைகளைத் தூக்கித் தூக்கி அவள் விரல் மடிப்புகளில் கோடு விழுந்து கன்றிவிட்டது. அப்புறம் ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்த சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். ஒரு நாள் காலித் தெருவில் ஒரு போலீஸ்காரர் மறித்து, விமானமே ஓடாத நேரத்தில் எங்கே பயணம் என்று கேட்டிருக்கிறார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் வெங்காயம் சாலையில் உருண்டு ஓடியது. அவரும் குனிந்து பொறுக்கித் தந்தாராம். அதைச் சொல்லிச் சொல்லி அத்தை ஒரு வாரம் சிரித்தாள். அந்த மூன்று மாதத்தில் அவள் சிரித்தது எனக்கு ஞாபகமிருப்பது அந்த ஒரு வாரம்தான்.

அண்ணன் வீடு மூன்றாம் மாடி. லிப்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். பெட்டியைப் படிப்படியாக ஏற்றி, மணியடித்தால் உள்ளிருந்து அண்ணியின் குரல் வரும். "வாசல்லயே வெச்சிட்டுப் போம்மா. நாங்க அப்புறம் எடுத்துக்கறோம்."

ஆஸ்பத்திரித் துணி தொடுகிற கை என்பதால் பயம். அது நியாயம்தான் என்று அத்தையே எங்களிடம் வாதாடினாள். ஆனாலும் அவள் உடனே இறங்கிவிடுவதில்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் நிற்பாள். கதவு திறக்கும், மருந்து அடிக்கிற சத்தம் கேட்கும், பை உள்ளே போகும். சில நாள் பிள்ளைகளில் யாராவது எட்டிப் பார்த்துக் கையாட்டும். அதற்காகத்தான் நிற்பாள். ஒரு நாள் வெயிலில் வந்து தலை சுற்றி, தண்ணீர் கேட்டிருக்கிறாள். கதவைத் திறந்து ஒரு பாட்டிலை வெளியே வைத்துவிட்டு, "பாட்டில நீயே எடுத்துட்டுப் போயிடு" என்று மூடினாள் அண்ணி.

எங்கள் அறையில் மூன்று பேர். நான், அத்தை, கிழிந்த துணி தைக்கும் தையல்காரி. மூன்று பேருக்கும் ஒரே அடுப்பு. எங்கள் அட்டைகளில் நாங்கள் வாங்கும் எண்ணெயும் சர்க்கரையும் அறைக்கு. அத்தை அட்டையில் வாங்குவது அண்ணனுக்கு. மூன்றாவது வாரம் தையல்காரி வாயைத் திறந்துவிட்டாள்.

"எங்க எண்ணெய்ல தாளிச்சத சாப்பிடறீங்க, உங்க எண்ணெய் மட்டும் அண்ணன் வீட்டுக்கா?"

அத்தை கையில் இருந்த தட்டைக் கழுவி வைத்தாள். அடுத்த நாளிலிருந்து தனக்குத் தனியாகக் கொஞ்சம் சோறு வடித்து, உப்பும் தயிரும் போட்டுச் சாப்பிட்டாள். நான் தடுக்கவில்லை. தையல்காரி கேட்டது எனக்கும் மனதில் இருந்ததுதான். கேட்கிற பழியை அவள் ஏற்றுக்கொண்டாளே என்று உள்ளூர நிம்மதியாகக்கூட இருந்தது. இதைச் சொல்லாமல் அத்தையின் கதையை மட்டும் சொன்னால் நான் யோக்கியமானவளாகத் தெரிவேன்.

ஏழாவது வாரம் தூதரகம் ஊர் திரும்புகிறவர்களுக்கான சிறப்பு விமானங்களுக்குப் பெயர் கேட்டது. அண்ணன் ஒரு பழுப்பு உறையில் விண்ணப்பங்களைப் போட்டு, ஒட்டி, வாசலில் வைத்திருந்தார். கதவுக்கு உள்ளே நின்று பேசினார்.

"இத நேர்ல குடுக்கணும். நீ போயிட்டு வந்துடறியா?"

"என் பேரும் இருக்காண்ணா?"

"அதெல்லாம் பாத்துக்கலாம். மொதல்ல இத குடு."

நடந்து போக ஒரு மணி நேரம். வெளிச்சுவரை ஒட்டி நாலு மணி நேரம் வரிசையில் நின்றாள். ஜன்னலில் இருந்த குமாஸ்தா உறையைக் கிழித்து, விண்ணப்பங்களை எண்ணி, ரசீதில் எழுதினார். நபர்கள்: நான்கு. அத்தை அந்த ரசீதை என்னிடமும் காட்டினாள்.

"நம்மள ஆஸ்பத்திரிக்காரங்க இப்ப எப்படி விடுவாங்க? அதான் போடல போல" என்றாள். அண்ணன் சொல்ல வேண்டிய சமாதானத்தை அவளே சொல்லிக்கொண்டாள். அது பொய்யும் இல்லை. எங்களுக்கு விடுப்பு இல்லைதான். அவளிடம் அதைச் சொல்லிவிட்டு உறையைக் கொடுத்திருக்கலாம், அவ்வளவுதான்.

பதினோராவது வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணியிடமிருந்து லிஸ்ட் வந்தது. பால் பவுடர், சோப்பு, பையனுக்கு வரைபடத் தாள், பேதி மாத்திரை. அந்த வாரம் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் கூடியதால் இரட்டை ஷிப்ட். புதன்கிழமைதான் அத்தையால் கடைக்குப் போக முடிந்தது. வரைபடத் தாளுக்காக மூன்று கடை ஏறி இறங்கி, மூன்றாம் மாடியில் மணியடித்தாள். பதில் இல்லை. மறுபடியும் அடித்தாள். போன் செய்தாள், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே எல்லோரும் மயங்கிக் கிடக்கிறார்களோ என்று பயந்து கதவைத் தட்டு தட்டென்று தட்டியிருக்கிறாள். சத்தம் கேட்டுக் காவலாளி மேலே வந்தார்.

"அவங்க காலைலயே கிளம்பிட்டாங்களே. ஏர்போர்ட் வண்டி வந்துச்சு. உங்ககிட்ட சாவி குடுக்கச் சொன்னாங்க."

சாவியோடு ஒரு துண்டுச் சீட்டு. அண்ணன் கையெழுத்து. பிரிட்ஜைக் காலி செய், இன்டர்நெட் பெட்டியைத் திருப்பிக் கொடு, மாதக் கடைசியில் சாவியை ஆபீசில் ஒப்படை.

பதினோரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் அந்த வீட்டுக்குள் கால் வைத்தாள். காய்கறி அழுகிவிடுமே என்று முதலில் பிரிட்ஜைத் திறந்தாளாம். பிறகு மேல் அலமாரி. அங்கே எண்ணெய் பாட்டில்கள் இரண்டு வரிசையாக நின்றன. பதினாலு, ஒன்றுகூட சீல் உடைக்காதது. கட்டிலுக்கு அடியில் மூன்று அரிசி மூட்டை. குளியலறைப் பரணில் பால் பவுடர் டப்பாக்கள். ஒரு மாவுப் பையில் வண்டு விழுந்து மாவு கட்டி கட்டியாக இருந்தது. தையல்காரியின் பேச்சுக்குப் பிறகு எட்டு வாரம் உப்பும் தயிருமாக அவள் தின்ற சோறு அந்த அலமாரிக்கு முன்னால் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வந்ததா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் அண்ணியின் குரல்பதிவு வந்தது. உருளை ஓடாத இடைவேளையில் என் பக்கத்தில் நின்றுதான் கேட்டாள். "திடீர்னு கூப்பிட்டுட்டாங்கம்மா. டெஸ்ட் எடுத்தப்புறம் யாரையும் கிட்ட சேக்கக் கூடாதுன்னாங்க. உனக்குச் சொன்னா ஓடி வந்து பிள்ளைங்கள கட்டிப்ப. அதான் உங்க அண்ணன் போய்ச் சேந்துட்டுச் சொல்லிக்கலாம்னாரு. தப்பா எடுத்துக்காத. லிஸ்ட் அனுப்பினத வேணாம்னு சொல்ல மறந்தே போயிட்டேன்."

அத்தை போனைக் கீழே வைத்தாள். "தொட்டிருக்கவே மாட்டேன். படியிலயே நின்னு பாத்துட்டு வந்திருப்பேன்" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. யாரோ விசாரிக்கிறார்கள், பதில் சொல்லியாக வேண்டும் என்பது போலச் சொன்னாள்.

அன்று மாலை தன் துணிமணியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குக் குடிபோனாள். மாதம் முடிய பத்தொன்பது நாள் இருந்தது. யாரிடமும் கேட்கவில்லை. ஒரு விடுமுறை நாள் என்னைக் கூப்பிட்டாள். போனேன். வாணலி நிறைய எண்ணெய் ஊற்றி உருளைக்கிழங்கு பொரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு எண்ணெயை ஒரே வாணலியில் பார்த்து எத்தனை மாதம் ஆகியிருந்தது. இரண்டு பேரும் பிள்ளைகளின் படிப்பு மேஜையில் உட்கார்ந்து வயிறு முட்டத் தின்றோம். அவள் ரசித்துச் சாப்பிடவில்லை. ஒரு வேலையை முடிக்கிற மாதிரி சாப்பிட்டாள். கிளம்பும்போது நாலு பாட்டிலை என் பையில் வைத்தாள்.

"ரெண்டு உனக்கு. ரெண்டு தையல்காரிக்கு. நான் குடுத்தேன்னே சொல்லு."

தையல்காரி வாங்கிக்கொண்டாள். அன்று இரவு சமைக்கவில்லை, படுத்துவிட்டாள்.

மாதக் கடைசியில் அண்ணன் போன் செய்தார். அத்தை அறைக்குத் திரும்பிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். அவர் குரலை நான் கேட்டது அன்றுதான்.

"சாமானெல்லாம் பேக் பண்ணி கம்பெனி ஸ்டோர்ல போடச் சொல்லலாம்னு நெனச்சேன். நாங்க திரும்பி வந்தா ஆகும்."

"சாமான் இல்லண்ணா."

"இல்லன்னா?"

"சாப்பிட்டுட்டேன். மிச்சத்தக் குடுத்துட்டேன்."

"பதினாலு பாட்டில் எண்ணெயவா?" என்றார்.

எண்ணிக்கை அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். கோபம் வரும், அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் தலையை லேசாக ஆட்டிக்கொண்டாள், கடையில் நெடுநேரம் தேடிய சாமான் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் ஆட்டுவாளே, அப்படி.

"ஆமாண்ணா" என்றாள். "பிரஷர் மாத்திரை இருக்கா? அங்க கிடைக்குதா?"

அண்ணன் திரும்பி வரவே இல்லை. கம்பெனி ஆட்களைக் குறைத்ததில் அவர் பெயரும் போனது. அவருக்குக் கம்பெனியிலிருந்து வர வேண்டிய வேலை விடுவிப்புக் கடிதங்களுக்காக அத்தைதான் நாலு முறை அலைந்து கையெழுத்து வாங்கி அனுப்பினாள். ஏன் போகிறீர்கள் என்று நான் கேட்டதற்கு, "விசா வாங்கிக் குடுத்தாரு இல்ல" என்றாள். குரல் மட்டும் முன்போல இறங்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போய்வந்தாள். பெண் தன்னைவிட உயரமாகிவிட்டதாகச் சொன்னாள். பையன் அத்தை என்று கூப்பிட வெட்கப்பட்டானாம். ஒரு மத்தியானம் அண்ணியோடு தனியாக இருந்தபோது கேட்டுவிட்டாளாம், அத்தனை நாளில் ஒரு தடவைகூட உள்ளே வா என்று ஏன் சொல்லவில்லை என்று.

"என்ன சொன்னாங்க?"

"'நீயாத்தான வெளிய நின்ன, நான் என்ன கதவையா அடைச்சேன்'னாங்க." விரிப்பின் முனையை எடுத்து என் பக்கம் நீட்டினாள். "அவங்களுக்கு நெஜமாவே அப்படித்தான் ஞாபகம் இருக்கு. பொய் சொல்லல."

நான் முனையைப் பிடித்துக்கொண்டேன். அன்று ஆஸ்பத்திரியில் துணி அதிகம். மாலை வரை விரிப்புகளை உருளைக்குள் விட்டுக்கொண்டே இருந்தோம்.