லைல் நூட்சன் போடும் விலை

பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டு வந்து, பனி ஒட்டிய பூட்ஸைக்கூடக் கழற்றாமல், லைல் நூட்சன் கணினியில் முதலில் திறப்பது கொரின் மாக்கியின் பாட்டு ஆல்பத்தை. தன்னுடையது அப்புறம்தான். அவள் என்ன விலை போட்டிருக்கிறாளோ, அதற்கு மேல் ஒரு டாலர் இவர் விலை. அவள் எட்டு என்றால் இவர் ஒன்பது. அவள் ஒன்பதுக்கு ஏறினால் அன்று சாயங்காலமே இவர் பத்து.

"கொறச்சலா வெச்சா மட்டமான சரக்குன்னு நெனச்சிருவான்," என்பார். கேட்க இருப்பவள் மனைவி ஷெரில் ஒருத்திதான்.

"அவ வெலையப் பாக்காம உன் பாட்டுக்கு ஒரு வெலை வைக்கத் தெரியாதாப்பா உனக்கு?" என்பாள் அவள். இந்தக் கேள்விக்கு மட்டும் லைலுக்குக் காது கேட்காது.

பெடல் ஸ்டீல் கிட்டாரில் டுலூத் ஊரிலேயே அவர் கை தனிக் கை. ஒரு காலத்தில் அவரும் கொரினும் ஒரே குழுவில், வெள்ளிக்கிழமை மீன் விருந்துகளில் வாசித்தார்கள். குழு கலைந்தபின் தனித்தனியே வீட்டில் பதிவு செய்து, நடுவில் எந்தக் கம்பெனியும் இல்லாமல் இணையத்தில் தாங்களே விற்க ஆரம்பித்தார்கள். கொரினின் ஆல்பத்தை முன்பின் தெரியாதவர்கள் வாங்கினார்கள். லைலின் ஆல்பத்தை அவருடைய தங்கை வாங்கினாள்.

"மூக்கால பாடுறா. அதுக்கு இத்தன ஆர்ப்பாட்டம்," என்று சொல்லிக்கொள்வார். ஆனால் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பும்போது வாயில் வருவது அவள் பாட்டுதான். பாதியில் தனக்கே பிடிபட்டு, ரேடியோவைச் சத்தமாக வைப்பார்.

போன இலையுதிர் காலத்தில் கொரின் விலையையே எடுத்துவிட்டாள். "உங்களுக்குத் தோன்றியதைக் கொடுங்கள்" என்று மட்டும் போட்டாள். லைல் திகைத்துப் போனார். தோன்றியதற்கு மேல் ஒரு டாலர் என்று எப்படிப் போடுவது? ஜனங்களோ இருபது, இருபத்தைந்து என்று கொடுத்துவிட்டு, அடியில் பாராட்டும் எழுதிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு பாராட்டையும் லைல் விடாமல் படித்தார்.

"தட்டேந்துறா. இவனுங்களும் போயிப் போயிப் போடுறானுங்க."

ஒரு முடிவுக்கு வரும்வரை இருக்கட்டும் என்று தன் ஆல்பத்துக்கு ஆயிரம் டாலர் போட்டு வைத்தார். விற்க மனமில்லாதபோது யாரும் வாங்க முடியாத விலையைப் போட்டு வைப்பது இப்படி இணையத்தில் தாங்களே விற்கிறவர்களிடம் உள்ள வழக்கம். ஆல்பத்தின் இணையப் பக்கம் அப்படியே இருக்கும், கேட்கிறவர்கள் இலவசமாகக் கேட்டுக்கொள்ளலாம். அப்புறம் பனி கொட்ட ஆரம்பித்தது, பேருந்து காலையில் கிளம்ப மறுத்தது. லைல் விலையை மறந்தே போனார்.

கொரின்தான் போனில் ஞாபகப்படுத்தினாள்.

"டேய் லைல், ஆயிரம் டாலரா? புத்தி கெட்டுப் போச்சா?"

"ஏன், உனக்கென்ன?"

"என் பாட்டு கேக்குறவங்க எல்லாருக்கும் நேத்து எழுதினேன்டா. என்னவிட இவன் பெரிய ஆளு, போய் வாங்குங்கன்னு. போனவங்க வெலையப் பாத்து மெரண்டு போயி எனக்கு எழுதுறாங்க. கை தவறிப் போட்டுட்டியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"அதான் அதோட வெலை," என்றார் லைல்.

"சரிடா. மாத்துனா சொல்லு, நாளைக்கு மறுபடி எழுதுறேன்," என்று கொரின் போனை வைத்துவிட்டாள்.

ஷெரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "போய் மாத்து. வெளியாளு ஒருத்தராவது வாங்க மாட்டாங்களான்னுதானே இத்தன வருஷமா உக்காந்திருக்க."

லைல் கணினி முன்னால் உட்கார்ந்தார். இரண்டு சைபரை அழித்தார். பத்து டாலர். இணையப் பக்கத்தில் அந்த நிமிடமும் ஆட்கள் அவருடைய பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதுவரை அப்படி ஒரு கூட்டம் வந்ததில்லை. அத்தனை பேரும் அவள் அனுப்பியவர்கள்.

அழித்த இரண்டு சைபரையும் திரும்பப் போட்டார்.