சொன்னால் கேட்காத நாய்

இடது கை முன்னால் தடவிப் போக, வலது கை அதன் பின்னாலேயே சீப்பை இழுத்தது. அவர் தன் நாய் கறுப்பியின் காதுமடலுக்குள் விரலை விட்டு உண்ணி இருக்கிறதா என்று துழாவினார். பாதங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி விரலிடுக்கைத் தடவினார். பார்வை போன பிறகும் இந்த வேலையில் அவருக்குத் துணை வேண்டியதில்லை. பணிக்காலம் முழுக்கப் போலீஸ் நாய்ப்படையில் இருந்தவர். தெருவில் அவருக்கு 'மோப்பக்காரர்' என்றே பெயர். யார் வீட்டிலாவது செருப்பு காணாமல் போனால், "மோப்பக்காரரே, கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்று வம்புக்கு இழுப்பார்கள்.

அவர் பழக்கியவை வெடிகுண்டு தேடும் நாய்கள். அங்கே நாய் தன் இஷ்டத்துக்கு ஓர் அடி எடுத்து வைத்தால் சுற்றி இருப்பவர் அத்தனை பேருக்கும் ஆபத்து. நில் என்றால் நிற்க வேண்டும், போ என்றால் போக வேண்டும். அவர் நாய் எதுவும் அவர் சொல்லைத் தட்டியதில்லை.

கண் அழுத்த நோய் ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே வந்து, ஓய்வு பெற்ற பிறகு பார்வையை முழுவதுமாகக் கொண்டுபோயிற்று. அதன்பின் கடைக்கும் மருந்தகத்துக்கும் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மனைவி தையல்காரி. பாதித் தையலில் எழுந்து வருவாள். அவள் முகம் சுளிக்கவில்லை, அவருக்குத்தான் கூசியது. வழிகாட்டி நாய் நிலையம் கறுப்பியைக் கொடுத்ததும் மனிதர் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தார். ஒரு நிபந்தனை உண்டு. பயிற்சி கொடுத்த பெண் வந்து பார்ப்பாள்; சரிப்படாவிட்டால் நாயைத் திரும்ப அழைத்துப் போய்விடுவாள்.

கறுப்பியிடம் ஒரே குறை. சில இடங்களில் "போ" என்றால் அசையாமல் நிற்கும். ஆபத்து இருந்தால் அப்படித்தான் நிற்கும், காலால் தடவிப் பாருங்கள் என்று நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். அவரும் தலையாட்டியிருந்தார். ஆனால் நடுத்தெருவில் நாய் மறுத்தபோது கை முந்திக்கொண்டது. கழுத்துவாரை வெடுக்கென்று சுண்டி, படைக்குரலில் அதட்டினார்.

"அதுக்கு ஏதோ தெரியுதுங்க, விடுங்களேன்" என்றாள் மனைவி.

"இடம் குடுத்தா தலைல ஏறி உக்காந்துக்கும். நீ உன் மிஷினைப் பாரு."

கொஞ்ச நாளில் கறுப்பி மறுப்பதை விட்டுவிட்டது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

சீவி முடித்த நாயோடு அன்று அவர் பயிற்சிக்காரப் பெண்ணின் முன்னால் மிடுக்காக நடந்தார். தெருத் திருப்பத்தில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். விளிம்பில் கறுப்பி தயங்கியது. "போ" என்றார். போயிற்று. அந்தப் பெண் பாய்ந்து சட்டையைப் பிடிப்பதற்குள் அவருடைய ஒரு கால் உள்ளே போய், முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்துவிட்டது.

அவரை நடைபாதை ஓரத்தில் உட்கார வைத்துக் காயத்தைக் கழுவிக்கொண்டே அவள் கேட்டாள்: "என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க? மாட்டேன்னு நிக்கத்தானே இதை இத்தனை நாள் பழக்கினோம்?"

"என் நாய் எதுவும் என்னை எதிர்த்ததில்லம்மா."

"படையில இருந்தப்போ நாய்கிட்ட மூக்கு மட்டும்தான் இருந்துச்சு, கண்ணு உங்ககிட்ட இருந்துச்சு. இப்போ கண்ணையும் அதுகிட்ட குடுத்திருக்கீங்க. இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன் சார். உங்க உசிருக்கு நான் பதில் சொல்லணும்."

அவர் கை கறுப்பியின் கழுத்தைத் தேடியது. நாய் பின்வாங்கியது. சுண்டப் போகிறார் என்று நினைத்திருக்கும். அதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

"தப்பு என்னோடதும்மா. ஒரு வாய்ப்பு குடு."

அவள் யோசித்தாள். "நாளைக்குக் காலையில இதே பள்ளம். வேணும்னே 'போ'ன்னு சொல்லுங்க. மறுத்தா கொஞ்சணும். போச்சுன்னா வாயும் பேசக் கூடாது, கையும் அசையக் கூடாது. முடியுமா?"

"முடியணும்" என்றார்.

மறுநாள் காலை மனைவி பின்னால் நின்று அவர் இடுப்பு பெல்ட்டை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"இறுக்கிப் பிடி."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து அதைத்தானே பண்றேன்."

"போ" என்றார். கறுப்பி போயிற்று. மனைவி இழுத்து நிறுத்தினாள். நாய் உடம்பைக் குறுக்கிக்கொண்டு அதட்டலுக்குக் காத்திருந்தது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு பேசாமல் பின்னே வந்து, மறுபடி நடந்தார். மறுபடியும் போயிற்று. வாரைப் பிடித்திருந்த கை சுண்டவில்லை.

அடுத்த முறை நாயின் முதுகுப்பட்டையில் இருந்த கைப்பிடி அவர் கையில் அசையாமல் நின்றது. "போ" என்றார். கறுப்பி குறுக்கே திரும்பி, தன் விலாவை அவர் முழங்காலில் வைத்துப் பின்னுக்குத் தள்ளியது. அவர் அப்படியே குந்தி, சட்டைப் பையிலிருந்த பிஸ்கட்டை எல்லாம் அதன் வாயில் திணித்தார்.

"போதும் சார், வயித்தால போயிரும்" என்றாள் பயிற்சிக்காரப் பெண். இன்னும் சில முறை செய்யச் சொன்னாள். ஒரு தடவை தவறியது, மற்றதெல்லாம் நின்றது. "தினமும் இதையே பண்ணுங்க. வீட்டம்மா பெல்ட்டை விடக் கூடாது. அடுத்த வாரம் வரேன்" என்று சொல்லிவிட்டு, நாயில்லாமல் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனாள்.